மோனிகா வீட்டில் சாப்பாட்டு நேரம்

என் பெண்ணோடு நான் எப்போது பேசலாம், எவ்வளவு பேசலாம் என்று முன்பின் தெரியாத ஒருத்தி எனக்கு இமெயிலில் பாடம் நடத்தினாள். அவள் பெயர் ஏவா. ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்தில் இருக்கிறாள். ஜெர்மன் படிக்க வெளிநாட்டிலிருந்து வருகிற பள்ளிப் பிள்ளைகளை ஒரு வருஷம் உள்ளூர்க் குடும்பங்களோடு தங்கவைக்கிற அமைப்பில் பொறுப்பாளர். 'நீங்கள் தினமும் அழைப்பது ஸ்ம்ருதி இங்கே ஒட்டிக்கொள்வதற்குத் தடையாக இருக்கிறது. வாரம் ஒருமுறை பேசினால் போதும் என்பது எங்கள் ஆலோசனை' என்று எழுதி, கீழே ஒரு சிரிக்கிற முகம் வேறு போட்டிருந்தாள்.

அதை நான் ஆபீஸ் பார்க்கிங்கில், காருக்குள் உட்கார்ந்து, டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். பற்றிக்கொண்டு வந்தது. பதினாறு வருஷம் வளர்த்த பெண்ணோடு பேச நான் அப்பாயின்ட்மென்ட் வாங்க வேண்டுமாம். படித்த கையோடு ஸ்ம்ருதியைக் கூப்பிட்டேன்.

நியூ ஜெர்சியில் மத்தியானம் பன்னிரண்டு என்றால் அங்கே மாலை ஆறு. எனக்கு மத்தியானச் சாப்பாடு, அவளுக்கு ராத்திரிச் சாப்பாடு. இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுகிற மாதிரி இருக்குமே என்றுதான் அந்த நேரத்தைப் பிடித்து வைத்திருந்தேன். அதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

"சாப்ட்டியா?"

"நாட் யெட். மோனிகா டேபிள் செட் பண்றாங்க."

"இன்னிக்கு என்ன?"

"ப்ரெட். சீஸ். பிக்கிள்ஸ்."

"நேத்தும் அதானே? சூடா ஒண்ணும் பண்ண மாட்டாங்களா?"

"மா, இங்க லஞ்ச்தான் ஹாட். ஐ டோல்ட் யூ."

சொன்னாள்தான். அவள் தங்கியிருக்கிற வீட்டுக்காரி மோனிகா மத்தியானம் மட்டும்தான் அடுப்பு மூட்டுவாளாம். சொன்னால் ஆயிற்றா? பனி கொட்டுகிற ஊரில் ராத்திரிக்கு ஆறிப்போன ரொட்டியை ஒரு பிள்ளை எப்படிச் சாப்பிடும்?

இந்த ஜெர்மன் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்று கேட்காதீர்கள். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்களுக்குத் தெரிந்த அத்தனை பிள்ளைகளும் பள்ளியில் ஸ்பானிஷ் எடுத்தார்கள். இவள் மட்டும் ஜெர்மன் எடுத்தாள். ஏண்டி என்று கேட்டால், கிளாஸில் கூட்டம் இல்லை, நிம்மதியாக இருக்கிறது என்றாள். போகட்டும் என்று விட்டேன். இரண்டு வருஷம் கழித்து, மற்ற பிள்ளைகள் எல்லாம் காலேஜ் பரீட்சைக்கு மண்டையை உடைத்துக்கொள்கிற பதினொன்றாம் வகுப்பில், ஆஸ்திரியாவில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் போய்ப் படிக்கப் போகிறேன் என்று வந்து நின்றாள். நான் முடியவே முடியாது என்றேன். என் வீட்டுக்காரர் சபரிநாதன், "போய்ட்டு வரட்டுமே, ஒரு வருஷம்தானே" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அந்த மனுஷருக்கு எதுவுமே பெரிய விஷயம் இல்லை. வீடு தீப்பிடித்தால்கூட, எங்கே, எந்த ரூமில் என்று கேட்பார்.

போன புதிதில் ஸ்ம்ருதி தினமும் அழுதாள். இங்கே பள்ளியில் படித்த ஜெர்மன் ஒன்று, அந்த ஊர்க்காரர்கள் பேசுகிற ஜெர்மன் வேறொன்று. டிவியில் செய்தி வாசிப்பவர் சொல்வது புரிகிறது, பஸ் டிரைவர் சொல்வது புரியவில்லை. கிளாஸில் எல்லோரும் சிரிக்கும்போது இவளும் சிரித்துவைப்பாள், எதற்கென்று தெரியாமல். மாலையானால் தலைவலி. நாள் பூராவும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வராமல் என்ன செய்யும்? இதற்கு நடுவில் அந்த வீட்டின் சட்டதிட்டங்கள் வேறு. காலையில் எழுந்ததும், எத்தனை குளிரானாலும், எல்லா ஜன்னலையும் விரியத் திறந்துவைக்க வேண்டும், வீட்டுக்குள் காற்று மாற வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, சத்தம் போடக் கூடாது. குப்பையைக் கண்ணாடி வேறு, காகிதம் வேறு, தகரம் வேறு என்று பிரித்துப் போட வேண்டும். தயிர் டப்பாவை மாற்றிப் போட்டுவிட்டு, அதை எடுத்து மறுபடி சரியான தொட்டியில் போட்டாளாம்.

"கஷ்டமா இருந்தா வந்துடுடி. அம்மா டிக்கெட் போடறேன்" என்பேன்.

"நோ" என்பாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அழுகிற பெண்ணோடு பேசாதே என்று ஏவா சொல்கிறாள். நல்ல கதை.

சபரி அந்த இமெயிலைப் படித்துவிட்டு, "அவங்க சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு, லக்ஷ்மி" என்றார். எனக்கு அனந்தலக்ஷ்மி என்று பெயர். அவர் என்னை அனந்தி என்று கூப்பிட்டால் சாதாரணமாக இருக்கிறார் என்று அர்த்தம். லக்ஷ்மி என்றால் எனக்குப் புத்தி சொல்லப் போகிறார். நான் அன்றைக்கு இரவு அவருக்குத் தோசை வார்க்கவில்லை. பிறகு வாரத்துக்கு மூன்று முறை என்று குறைத்துக்கொண்டேன். அதுவே பெரிய விட்டுக்கொடுத்தல்.

நவம்பர் கடைசியில் ஸ்ம்ருதி வீடியோவில் வந்தபோது கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "இளைச்சுட்டியேடி" என்றால், "லைட்டிங் மா" என்றாள். லைட்டைப் போட்டால் கன்னம் ஒட்டுமா?

அந்த வாரம்தான் மரியதாசன் அண்ணன் வியன்னா போகிறார் என்று தெரியவந்தது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிறார், மருந்துக்கடை வைத்திருக்கிறார். வியன்னாவில் இருக்கும் தம்பியின் மகளுக்குக் கல்யாணம். நம்மவர்கள் யாராவது எங்கேயாவது விமானம் ஏறுகிறார்கள் என்றால் அவர்கள் பெட்டியில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அது எழுதாத சட்டம். நான் பருப்புப்பொடி, ரசப்பொடி, தக்காளித் தொக்கு, முறுக்கு, உள்ளே போட்டுக்கொள்ளக் கம்பளிச் சட்டை என்று ஒரு பை கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

"வியன்னால இருந்து அவ இருக்கற ஊர் ரெண்டரை மணி நேரம் அண்ணா. உங்களுக்கு சிரமம்னா கூரியர்ல போட்டுடுங்க."

"என்ன கதை கதைக்கிறீர் தங்கச்சி? அவ்வளவு தூரம் போயிட்டுப் பிள்ளையைப் பாக்காமல் வாறதே? தம்பியிட்டை வான் ஒண்டு இருக்கு, அதிலை போய்ப் பாத்துக் குடுத்திட்டு வாறம்" என்றார் அவர். அவர் மனைவி ராஜராணி அக்கா பையைத் தூக்கிப் பார்த்து, "இன்னும் ரெண்டு கிலோ வைக்கலாம்" என்றார்.

இப்படிப்பட்ட மனிதர்கள் இருப்பதால்தான் இந்த நாட்டில் நாம் பிழைத்துக்கிடக்கிறோம். ஸ்ம்ருதிக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று அவளிடம் சொல்லவில்லை. மோனிகாவிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு வீட்டுக்குப் போவதற்கு முன்னறிவிப்பு கொடுப்பது ஆடிட்டர்கள் செய்கிற வேலை.

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொழுதுகூடச் சரியாக விடியவில்லை, மரியதாசன் அண்ணன் கூப்பிட்டார். அங்கே மத்தியானம் தாண்டியிருந்தது. மோனிகா வீட்டு வாசலில், வேனுக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறார் என்பது பின்னால் வந்த காற்றுச் சத்தத்திலேயே தெரிந்தது.

"தங்கச்சி, பிள்ளையைக் கண்டனாங்கள். நல்லாய் மெலிஞ்சுபோனாள். இந்த வீட்டிலை ஒழுங்காச் சாப்பாடு குடுக்கிறேல்லைப் போலை கிடக்கு. நாங்கள் நாலு பேர் வந்து இருக்கிறம், ஒரு தேத்தண்ணி கூடத் தரேல்லை."

"தேத்தண்ணி கூடவா?" என்றேன்.

ராஜராணி அக்கா போனை வாங்கினார். "சாப்பாட்டு மேசையிலை எல்லாம் கிடக்கு. நாங்கள் வேண்டாம் எண்ட உடனை பிளேட்டுகளைத் தூக்கி உள்ளை வச்சிட்டா. இப்பிடியும் ஒரு சனம் இருக்குமோ? நாளைக்குத் தம்பி வீட்டிலை மாப்பிள்ளைப் பகுதிக்கு விருந்து. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் ரெண்டு நாள் வடிவாச் சாப்பாடு குடுத்துக் கொண்டுவந்து விடுறம். என்ன சொல்லுறீர்?"

எனக்கு ரத்தம் கொதித்தது. மூன்று மாதமாக என் சந்தேகம் அதுதானே. வீட்டுக்கு வந்தவர்களுக்கே தட்டைத் தூக்கி உள்ளே வைக்கிறவள், என் பெண்ணுக்கு என்ன போட்டிருப்பாள்? "தாராளமா கூட்டிட்டுப் போங்கக்கா" என்றேன்.

திங்கட்கிழமை படம் வந்தது. யாரோ ஒருவரின் பட்டுப்புடவையை ஸ்ம்ருதிக்குச் சுற்றிவிட்டு, முன்னால் இலை நிறையச் சோறும் கறியும். நான் அதை எங்கள் வாட்ஸப் குழுக்கள் எல்லாவற்றிலும் போட்டேன். பெண் சிரித்த மாதிரி இருந்தது. சரியாகப் பார்க்கவில்லை, இலையைத்தான் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை மாலை அவளைக் கொண்டுபோய் விட்டார்கள். புதன்கிழமை ஏவா போன் செய்தாள். இந்த முறை சிரிக்கிற முகம் எதுவும் இல்லை.

அமைப்பில் பதிவு செய்யாத ஆட்களோடு, அனுமதி வாங்காமல், மாணவி வெளியில் இரவு தங்கக் கூடாது. மோனிகா வாசலில் நின்று வேண்டாம் என்றிருக்கிறாள். இவர்கள், தாயே சம்மதித்துவிட்டார் என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். இரண்டு நாள் பள்ளிக்கும் போகவில்லை. மோனிகாவும் அவள் கணவரும் இனி ஸ்ம்ருதியை வைத்துக்கொள்ள முடியுமா என்று யோசிக்கிறார்கள். வேறு குடும்பமும் இல்லை. வெள்ளிக்கிழமை கூடி முடிவெடுப்பார்கள். "அநேகமாகத் திருப்பி அனுப்புவதாக இருக்கும். நீங்கள் தயாராக இருப்பது நல்லது" என்றாள் ஏவா.

உள்ளதைச் சொல்கிறேன். போனை வைத்ததும் எனக்கு வந்தது சந்தோஷம்தான். வரட்டுமே. தொலைந்தது சனி. வீட்டுக்குப் போனதும் ஸ்ம்ருதியின் படுக்கைக்கு விரிப்பு மாற்றினேன். அரிசியும் உளுந்தும் ஊறவைத்தேன்.

சபரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "நீ கேட்டது கிடைச்சுடுச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை நான் கூப்பிடவில்லை. ஸ்ம்ருதியே கூப்பிட்டாள். அழுவாள், தேற்றலாம் என்று நினைத்து எடுத்தேன். அவள் அழவில்லை. இத்தனை நாளில் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"நீ வேணும்னே பண்ணினியா?" என்றாள். தமிழில் கேட்டாள். வீட்டில் நாங்கள் தமிழில் பேசினால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுகிற பெண்.

"என்னடி பேசறே? அவங்க உனக்கு சாப்பாடு குடுக்கலைன்னு..."

"மண்டே என்ன டே தெரியுமா? மண்டே என் டாக். நியூ ஜெர்சி பத்தி. ஃபுல் கிளாஸுக்கும். ஜெர்மன்ல."

பிறகு அவளால் தமிழில் தொடர முடியவில்லை, ஆங்கிலத்துக்குப் போய்விட்டாள். மூன்று மாதமாக அந்த வகுப்பில் அவள்தான் ஒன்றும் புரியாத பெண். பாவம் என்று பார்ப்பார்கள், மெதுவாகப் பேசுவார்கள், அல்லது ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். முதல் முறையாக அவள் பேசி அவர்கள் கேட்கப்போகிற நாள் அது. ஒவ்வொரு நாள் மாலையும் மோனிகா துணி இஸ்திரி போட்டுக்கொண்டே இவளைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, தப்பைத் திருத்தியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு கடைசியாக ஒருமுறை கணவர் முன்னால் சொல்லிக்காட்டுவதாக இருந்ததாம்.

"அப்போ ஏன்டி அவங்களோட போனே? வர முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே" என்றேன். எனக்கும் கோபம் வந்துவிட்டது.

"ஹவ்? அவ்ளோ தூரம் வந்திருக்காங்க. நீ அனுப்பி வந்திருக்காங்க. அந்த ஆன்ட்டி என்னைப் பிடிச்சுட்டு அழறாங்க. பெரியவங்க கூப்பிட்டா நோ சொல்லக் கூடாதுன்னு யார் சொல்லிக் குடுத்தது?" என்றாள். "ஐ டோன்ட் வான்ட் டு கம் ஹோம், மா. ப்ளீஸ்."

அந்தக் கடைசிச் சொல்லில்தான் என் கோபம் போயிற்று. கடை வாசலில் பொம்மை வேண்டும் என்று அழுத காலத்தில்கூட இவள் ப்ளீஸ் என்று கேட்டதில்லை, பிடுங்கிக்கொண்டுதான் போவாள். வீட்டுக்கு வராமல் இருக்க என்னிடமே கெஞ்சுகிறாள். அரைத்து வைத்த மாவை என்ன செய்வது என்றே எனக்குத் தெரியவில்லை.

ஏவாவைக் கூப்பிட்டேன். தப்பு என் பெண்ணுடையது இல்லை, நான்தான் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன், எங்கள் பக்கத்தில் தெரிந்தவர் வீடு என்றால் அது வெளியே தங்குவது ஆகாது, உங்கள் சட்டத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை என்று மூச்சுவிடாமல் பேசினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். அந்தப் பொறுமைதான் எனக்கு எரிச்சல்.

"ஒன்று கேட்கிறேன்" என்றாள். "அவள் இங்கே இருக்க வேண்டும் என்று நீங்கள் விரும்புகிறீர்களா?"

என்ன கேள்வி இது? இல்லை. ஒரு நாளும் விரும்பியதில்லை. ஆனால் இல்லை என்று சொன்னால் வெள்ளிக்கிழமை எல்லாம் முடிந்தது. டிக்கெட்டை அவர்களே போட்டு அனுப்பிவிடுவார்கள். நான் கையைக்கூட அசைக்க வேண்டாம். வாய்வரைக்கும் வந்த சொல்லை விழுங்கிவிட்டு, "ஆமாம்" என்றேன்.

"அப்படியென்றால் இதை என்னிடம் சொல்லிப் பயன் இல்லை. மோனிகாவிடம் பேசுங்கள்."

மோனிகா வீடியோவில் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். முடியை உச்சியில் சுருட்டிக் கட்டியிருந்தாள். அவளுடைய ஆங்கிலம் துண்டு துண்டாக வந்தது. நானும் என் ஆங்கிலத்தை அவளுக்காகத் துண்டு துண்டாக்கிக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள். சட்டம், அனுமதி எதைப் பற்றியும் அவள் பேசவில்லை.

"நான் ஏழு பேருக்குச் சமைத்தேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"மூன்று பேருக்கு வைத்திருந்தேன். அவர்கள் வந்தார்கள். என் கணவர் கீழே போய் நாற்காலி கொண்டுவந்தார். நான் இன்னும் உருளைக்கிழங்கு வேகவைத்தேன். இறைச்சியைச் சின்னதாக வெட்டி, எல்லாருக்கும் வருகிற மாதிரி மறுபடி பொரித்தேன். ஏழு தட்டு வைத்தேன். சாப்பிடுங்கள் என்றேன். வேண்டாம் என்றார்கள். காப்பி வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்கள். தட்டை எடுத்துவிட்டேன். அவர்கள் சாப்பிடவில்லை என்று ஸ்ம்ருதியும் சாப்பிடவில்லை. பிறகு அவளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நானும் கணவரும் அவ்வளவு சாப்பாட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் வீடு அவர்களுக்கு அசுத்தமா? என் கை அசுத்தமா?"

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு நெற்றியில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நாலு பேரும் பசியோடு, கொலைப்பசியோடு, அந்த இறைச்சி வாசனையில் உட்கார்ந்துகொண்டு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்னும் இரண்டு தடவை கேட்பாள், கையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பாள் என்று காத்திருந்திருக்கிறார்கள். அவள் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

"மோனிகா, அவங்க வேண்டாம்னு சொன்னது வேண்டாம்னு இல்ல" என்று ஆரம்பித்தேன். அதை ஆங்கிலத்தில் சொன்னபோது எனக்கே அபத்தமாகத்தான் இருந்தது. "எங்கள் பக்கத்தில் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். அது மரியாதை. நீங்கள் மறுபடி கேட்க வேண்டும்."

"கேட்டேனே. காப்பி."

"அது வேறு. சாப்பிடுகிறீர்களா என்றே மறுபடி கேட்க வேண்டும்."

"எத்தனை முறை?"

"மூன்று. சில வீட்டில் நாலு."

மோனிகா என்னையே பார்த்தாள். "நிஜமாகவே வேண்டாம் என்றால் எப்படித் தெரியும்?"

"தெரியாது" என்றேன். "அதனால்தான் நாங்கள் எல்லோரும் இரண்டு தடவை சாப்பிடுகிறோம்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஸ்ம்ருதியுமா?"

"என்ன?"

"தினமும் கேட்பேன். இன்னும் வேண்டுமா என்று. வேண்டாம், நன்றி என்பாள். நான் எடுத்துவிடுவேன். மூன்று மாதம். அந்தப் பிள்ளை..." அதற்கு மேல் அவளுக்கு ஆங்கிலம் வரவில்லை. ஜெர்மனில் என்னவோ சொன்னாள். எனக்குப் புரிந்தது.

அடுத்தவர் வீட்டில் அவர்கள் இரண்டாம் முறை கேட்காமல் சோறு வாங்காதே என்று சின்ன வயசிலிருந்து அவளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தவள் நான்தான். சொன்ன எத்தனையோ விஷயத்தில் இதை மட்டும் எதற்கு இவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்? பியானோ வாசி என்றேன், கேட்டாளா? பசிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லத் தெரியாத பெண் நியூ ஜெர்சியைப் பற்றி ஜெர்மனில் பேசப் போகிறாளாம். எனக்கு எரிச்சலும் அழுகையும் ஒன்றாக வந்தன. மோனிகா அங்கே மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள், நான் இங்கே.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. ஸ்ம்ருதி இருக்கலாம். மோனிகா சரி சொல்லிவிட்டாள். அமைப்பின் பக்கத்திலிருந்து ஒரு நிபந்தனை. இனி நான் கூப்பிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ம்ருதி கூப்பிடுவாள். நான் ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொள்ளாமல்?

மரியதாசன் அண்ணன் திரும்பி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். "அப்ப அந்த இறைச்சி எங்களுக்குத்தான் பொரிச்சதோ?" என்றார். ராஜராணி அக்கா, "நான் அப்பவே சொன்னனான், ஒரு துண்டு எடுப்பம் எண்டு" என்றார். சொல்லியிருக்க மாட்டார். அடுத்த வாரம் மோனிகாவுக்கு ஒரு பெரிய கேக் பெட்டி அனுப்பினார்கள். இந்த முறை கூரியரில்.

முதல் ஞாயிறு ஸ்ம்ருதி கூப்பிட்டாள், வெகுநேரம் பேசினாள். அடுத்த ஞாயிறும் கூப்பிட்டாள், கொஞ்சம் பேசினாள். மூன்றாம் ஞாயிறு கூப்பிடவில்லை.

அன்றைக்குக் காலையிலிருந்து நான் எங்கும் போகவில்லை. போனைச் சார்ஜில் போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன். பனியில் சறுக்கி விழுந்துவிட்டாளா, காய்ச்சலா, மறுபடி ஏதாவது தகராறா?

"ஒரே ஒரு கால் பண்றேங்க" என்றேன்.

"ப்ராமிஸ் பண்ணியிருக்கே" என்றார் சபரி.

"அவளுக்கு ஏதாவது ஆயிருந்தா?"

"ஆயிருந்தா மோனிகா கூப்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டு அவர் துணி மடித்தார். அந்த மனுஷரோடு எப்படித்தான் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினேனோ. ஆனால் அவரும் அன்றைக்கு ஒரே சட்டையை மூன்று தடவை மடித்தார்.

புதன்கிழமை மத்தியானம், ஆபீஸ் பார்க்கிங்கில், டிபன் பாக்ஸைத் திறக்கும்போது போன் அடித்தது. ஸ்ம்ருதி. கன்னம் உப்பியிருந்தது. பின்னால் மோனிகாவின் சமையலறை, பாத்திரச் சத்தம்.

"மா, கெஸ் வாட். டாக் குடுத்துட்டேன். டீச்சர் வேற டேட் குடுத்தாங்க." மூச்சுவிடாமல் பேசினாள். நம் ஊர் டோல் ரோட்டைப் பற்றிச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்களாம். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று இந்த முறை இவளுக்கும் தெரிந்ததாம். கடைசி பெஞ்சில் ஒருத்தி அந்த ஊர்ப் பேச்சிலேயே ஏதோ கேட்டாளாம், இவளும் அந்த ஊர்ப் பேச்சிலேயே பதில் சொன்னாளாம். டீச்சரே கைதட்டினாராம். ஞாயிற்றுக்கிழமை வகுப்புப் பிள்ளைகளோடு பனிச்சறுக்கு போயிருந்தாளாம்.

"ஞாயித்துக்கிழமை ஏண்டி கூப்பிடலை?" என்றேன்.

"ஓ." கண்ணை அகல விரித்தாள். பொய் சொல்லத் தெரியாத கண். "மறந்தே போச்சு மா. ஸாரி."

மறந்துவிட்டாள். நான் ஊராரிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கியது இதைத்தான். எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல? அழுது அழுது என்னைக் கூப்பிட்ட பெண்ணுக்கு என்னை மறக்கிற அளவுக்கு அந்த ஊர் நிறைந்துவிட்டது. யார்மேல் கோபப்படுவது?

"பரவால்லடி" என்றேன்.

அப்போது மோனிகா உள்ளிருந்து எதுவோ கேட்டாள். ஸ்ம்ருதி திரும்பி, என்னிடம் பேசிய வேகத்திலேயே அவளிடம் எதுவோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை.

"மா, டின்னர் ரெடி. நான் போகணும்."

"இன்னும் ரெண்டு நிமிஷம் பேசிட்டுப் போயேன்."

"நோ மா. அப்புறம் பண்றேன்."

"சரி, போய்ச் சாப்பிடு" என்றேன். இரண்டாம் முறை கேட்கவில்லை.